மலையில் விழுந்த கடல் பறவை: பாதை தெரிந்தால் பறவை பிழைக்குமா?

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். ஓகஸ்ட் மாதத்தில் இரண்டு நாள் விடாமல் அடித்த காற்று மழைக்குப் பிறகு, லயத்துக்குப் பின்னால் தேயிலைக்கு நடுவே ஒரு பறவை விழுந்து கிடந்திருக்கிறது. முதுகு நல்ல கறுப்பு, வயிறு வெள்ளை, ஒடுங்கி நீண்ட சிறகு, பிளந்த வால். பிள்ளைகள் அதைப் பெட்டியில் வைத்துச் சோறு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பேசினில் தண்ணீர் நிரப்பி மிதக்கவும் விட்டிருக்கிறார்கள். மறுநாள் காலை அது செத்துக் கிடந்தது. அது கடல் பறவை என்று யாரோ சொன்னதும் பிள்ளைகளிடமிருந்து கேள்விக்கு மேல் கேள்வி: அடையாளமே இல்லாத கடலில் இது எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கண்டுபிடித்து என்ன பிரயோசனம்? மலையில் இருக்கும் நாங்கள் ஏதாவது செய்யலாமா?

கேள்வி மூன்று என்றாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பறவையின் பாதையைத் தெரிந்துகொண்டால் அது பிழைக்குமா? பாதை தெரிந்ததால் மட்டும் எந்தப் பறவையும் பிழைத்ததில்லை, டீச்சர். "இந்த இடத்தில், இந்த மாதத்தில், இன்னார் இதை மாற்றினால் போதும்" என்று சொல்லுமளவுக்குப் பாதை தெளிவாகி, அந்த இன்னாரும் கேட்டுக்கொண்ட இடங்களில் பிழைத்திருக்கின்றன. நான் விலங்கியல் படித்தவன், பறவைகளுக்கு வளையம் போடும் குழுக்களோடு பல வருடம் கரையோரங்களில் அலைந்தவன். ஆலாக்களையும் கடற்காகங்களையும் கையில் பிடித்துப் பழக்கம் உண்டு. ஆழ்கடல் பறவைகளைப் பற்றி இங்கே சொல்வது ஆய்வுகளில் படித்தது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் உங்கள் பறவை. படம் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன அடையாளங்களுக்கு அது ஆலா இனம். முதுகு கறுத்து வயிறு வெளுத்த ஆலாக்கள் நம் கடலில் இரண்டு: சூட்டி டேர்ன், பிரைடில்ட் டேர்ன். சூட்டியின் முதுகு நல்ல கறுப்பு, நெற்றியிலுள்ள வெள்ளை கண்ணோடு நின்றுவிடும். பிரைடில்டின் முதுகு பழுப்புக் கலந்த சாம்பல், நெற்றி வெள்ளை புருவமாகக் கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும். இளம் சூட்டியாக இருந்தால் வயிறும் கருமையாக, முதுகில் வெள்ளைப் புள்ளிகளோடு இருந்திருக்கும், ஆக சூட்டி என்றால் உங்களுடையது வளர்ந்த பறவை. ஓகஸ்டிலிருந்து ஒக்டோபர் வரை பிரைடில்ட் ஆலாக்கள் நமது மேற்குக் கரைக்கு அப்பால் தெற்கு நோக்கிப் போகும் காலம், ஆகவே மாதம் அதற்குப் பொருந்துகிறது. "நல்ல கறுப்பு" என்று நீங்கள் எழுதியிருப்பது சூட்டிக்குப் பொருந்துகிறது. பிள்ளைகள் யாராவது ஃபோனில் படம் எடுத்திருந்தால் கண்ணுக்குப் பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

ஹட்டனிலிருந்து மேற்குக் கடற்கரை நேர்கோட்டில் எண்பது கிலோமீற்றர் போலத்தான். தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கடலிலிருந்து நேராக நம் மலைச் சரிவில் வந்து மோதுகிறது. கினிகத்தேனை, வட்டவளையில் அவ்வளவு மழை கொட்டுவதும் அதனால்தான். களைத்த பறவை காற்றை எதிர்க்காமல் அது தள்ளும் பக்கம் போகும், போனால் முதலில் தடுப்பது இந்த மலைகள். காற்றுத்தான் கொண்டுவந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காற்றுக்கு முன்பே அது பசியிலோ நோயிலோ இருந்ததா என்பதுதான் சந்தேகம். திடமான ஆலா சாதாரணக் காற்றுக்கு விழாது. இப்படி விழுபவற்றைக் கையில் எடுத்தால் பெரும்பாலும் மார்பெலும்பின் இரு பக்கமும் சதை வற்றி, எலும்பு விரலில் தட்டும். அந்த நிலைக்கு வந்த பறவையைத் தேர்ந்த மிருக வைத்தியர்கூடக் காப்பாற்றுவது கஷ்டம். பிள்ளைகள் தங்களால்தான் செத்தது என்று நினைக்க வேண்டாம்.

சரி, பாதையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இந்த வேலையை ஒழுங்காகத் தொடங்கி வைத்தவரும் ஒரு பள்ளி ஆசிரியர்தான். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்ட்டென்சன் 1899-இல் மைனா இனத்துப் பறவைகளின் காலில் இலக்கமும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களைப் போட்டுப் பறக்கவிட்டார். எங்கோ யாரோ ஒருவர் அந்தப் பறவையைக் கண்டெடுத்து எழுதி அனுப்பினால் இரண்டு புள்ளி கிடைக்கும்: புறப்பட்ட இடம், கிடைத்த இடம். நடுவில் என்ன நடந்தது என்று வளையம் சொல்லாது. ஆனாலும் அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் 1982 கோடையில் வளையம் போட்ட ஆர்க்டிக் ஆலாக் குஞ்சு ஒன்று அதே வருடம் ஒக்டோபரில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் பக்கம் கிடைத்தது. பசிபிக்கின் மிட்வே தீவில் 1956-இல் வளர்ந்த பறவையாக இருந்தபோதே வளையம் போடப்பட்ட 'விஸ்டம்' என்ற அல்பட்ரோஸ் 2024 கடைசியிலும் அங்கே வந்து முட்டையிட்டது. எழுபது வயதைத் தாண்டியும் ஒரு காட்டுப் பறவை முட்டையிடும் என்பது அந்தச் சின்ன உலோக வளையம் இல்லாவிட்டால் தெரிந்திருக்காது.

வளையம் போடுவதில் ஒரு நுணுக்கம் சொல்கிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பறவையைத் துணிப்பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டு நிறுப்போம், பையின் நிறையைக் கழிப்போம். பிறகு சிறகை அளந்து, காலுக்கு ஏற்ற அளவு வளையத்தை இடுக்கியால் மூடுவோம். மூடியபின் வளையத்தின் இரு முனையும் சேரும் இடத்தில் நகத்தை வைத்துத் தடவிப் பார்ப்போம். நகம் நுழைந்தால் மீன் வலையின் நூலும் நுழையும், பறவை மாட்டிச் சாகும். அதற்காக ஒரே வளையத்தைத் திரும்பத் திரும்பத் திருத்துவதும் உண்டு.

பறக்கும் பறவையைச் செய்மதி வழியாகப் பின்தொடர்வது கடல் பறவைகளில் 1989-இல் வெற்றிபெற்றது. நம் சமுத்திரத்தின் தென்கோடியில், பிரெஞ்சுக்காரர்களின் குரோசே தீவுகளில், அலையும் அல்பட்ரோஸ் எனப்படும் மாபெரும் பறவைகளின் முதுகில் 180 கிராம் எடையுள்ள ட்ரான்ஸ்மிட்டரைக் கட்டி அனுப்பினார்கள். துணை கூட்டில் அடைகாக்க, மற்றது ஒரே இரைதேடல் பயணத்தில் 3,600 முதல் 15,000 கிலோமீற்றர் வரை சுற்றிவிட்டு வந்தது. அதிகபட்சம் என்றால், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இங்கிருந்து லண்டன் போய் வரும் தூரத்தைக் கிட்டத்தட்ட நெருங்கும். அதற்கு முன் அடைகாக்கும் காலத்தில் இவை எவ்வளவு தூரம் போகின்றன என்று சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

சிறிய பறவை 180 கிராமைத் தாங்காது. பறவையின் உடல் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது என்பதைக் கடல் பறவை ஆய்வாளர்கள் பொதுவாகக் கைக்கொள்கிறார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 1.8 கிலோ. நம் பெண்கள் சுமக்கும் கொழுந்துக் கூடையோடு பார்த்தால் ஒன்றுமில்லைதான், ஆனால் கூடையை நிறுத்ததும் இறக்கி வைக்கலாம், பறவையால் கருவியை இறக்கி வைக்க முடியாது. 3 சதவீதம் பாதுகாப்பானது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை என்பதைவிடப் பழக்கத்தில் வந்த ஓர் எல்லை என்பதே சரி. அதற்குக் குறைந்த சுமையிலும் சில இனங்கள் பாதிக்கப்பட்டதைக் காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. உங்கள் ஆலாவின் இனத்துக்கு எல்லை ஐந்து கிராம் போலத்தான் வரும்.

அந்த எடைக்குள் வருவது ஒளிப்பதிவி. பேட்டரி, ஒரு கடிகாரம், வெளிச்சத்தை அளக்கும் ஒரு கண், அவ்வளவுதான். சூரியன் எப்போது எழுந்தது, எப்போது விழுந்தது என்று ஒவ்வொரு நாளும் குறித்து வைக்கும். பகலின் நடுநேரம் எத்தனை மணிக்கு வந்தது என்பதிலிருந்து பறவை கிழக்கே இருந்ததா மேற்கே இருந்ததா என்று கணக்கிடலாம். பகல் எவ்வளவு நீளம் என்பதிலிருந்து வடக்கா தெற்கா என்று கணக்கிடலாம். 1.4 கிராம் எடையுள்ள இந்தக் கருவியைக் கிரீன்லாந்து ஆர்க்டிக் ஆலாக்களின் காலில் கட்டியதால்தான், அவை வருடத்துக்குச் சராசரி 70,900 கிலோமீற்றர் பறப்பது 2010-இல் வெளிவந்தது. பத்திரிகைகளில் ஒரு பறவை உலகத்தைச் சுற்றியது என்று கோடு போட்டுக் காட்டுவார்களே, அதில் பல இந்தக் கருவியின் கோடுகள்.

இந்தக் கோடுகளை நம்புவதில் ஒரு எச்சரிக்கை வேண்டும், அதுவும் நம் நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். ஒளிப்பதிவி காட்டும் இடம் நூறு இருநூறு கிலோமீற்றர் முன்பின் இருக்கலாம். மார்ச் 21, செப்டம்பர் 23-ஐ ஒட்டிய நாட்களில் உலகம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகிவிடுவதால், வடக்கா தெற்கா என்ற கணக்கு அடிபட்டுப்போகும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வருடம் முழுக்கவே இந்தச் சிக்கல் உண்டு. இலங்கையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம் போலத்தான். ஒரு மேகம் சூரியனை மறைத்தாலே கணக்குப் பிசகும். ஆகவே வெப்பக் கடல் ஆலாக்களின் வரைபடத்தில் "இலங்கைக்குக் கிழக்கே" என்று ஒரு புள்ளி இருந்தால், அந்தப் பிராந்தியம் என்று எடுத்துக்கொள்ளலாம், அந்த இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதைவிடப் பெரிய குறை இன்னொன்று. ஒளிப்பதிவி எதையும் அனுப்பாது. அடுத்த வருடம் அதே பறவையை அதே கூட்டில் மறுபடி பிடித்துக் கருவியைக் கழற்றினால்தான் தகவல். அதாவது அந்த வரைபடங்கள் எல்லாம் உயிரோடு திரும்பி வந்தவற்றின் வரைபடங்கள். வராதவை எங்கே, எதனால் விழுந்தன என்பது அதில் இல்லை. பறவையைக் காப்பாற்ற நினைப்பவருக்குத் தேவையானதோ அந்தத் தகவல்தான். செய்மதிக் கருவியிலும் திடீரென்று சமிக்ஞை நின்றால் பறவை செத்ததா, கருவி கழன்றதா, பேட்டரி போனதா என்று பல நேரம் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் பிள்ளைகள் தேயிலைக்குள் கண்டெடுத்த மாதிரி விழுந்த பறவைகளைப் பற்றிய குறிப்பு விஞ்ஞானத்துக்கு இன்றைக்கும் தேவைப்படுகிறது. இனம், திகதி, இடம், படம், முந்தின நாள் வானிலை: இவ்வளவும் இருந்தால் போதும்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இலங்கைக் களப் பறவையியல் குழுவும் சீன ஆய்வாளர்களோடு சேர்ந்து 2021-இல் மன்னாரில் பிடித்த ஹியூக்ளின் கடற்காகங்களுக்கு ஜீபிஎஸ் கருவி பூட்டினார்கள். அதில் 'மேகா' என்று பெயரிட்ட ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் ஓரம், யமால் தீபகற்பம் வரை போய் முட்டையிடும் காலத்தைக் கழித்துவிட்டு அதே வருடக் கடைசியில் மன்னாருக்கே திரும்பியது. போய் வந்த தூரம் ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர். இவை கரையை ஒட்டியும் நிலத்தின் மேலாகவும் போகிற பறவைகள் என்பதால் இப்படி விபரம் கிடைக்கிறது. நடுக்கடலிலேயே வாழும் சூட்டி ஆலாவுக்கு இது இவ்வளவு எளிதாகச் சரிவராது.

பிரயோசனத்துக்கு வருவோம். கடல் பறவைகள் குறைந்து வருகின்றன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு என்பதில் கவனமாகப் பேச வேண்டும். 1950-க்கும் 2010-க்கும் இடையில் 70 சதவீதம் குறைந்தன என்ற கணக்கு அடிக்கடி மேற்கோளாக வரும். அது தொடர்ந்து எண்ணப்பட்ட கூட்டங்களுக்கான கணக்கு, உலகக் கடல் பறவைகளில் அவை ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டத்தான் வரும். மீதிக்கும் அதே என்று ஊகிக்கலாம், உறுதியில்லை. எவை கொல்கின்றன என்று உலகின் 359 கடல் பறவை இனங்களையும் வைத்து 2019-இல் ஒரு பெரிய மதிப்பீடு வந்தது. முதலிடம் எலி, பூனை போன்ற, மனிதன் தீவுகளுக்குக் கொண்டுபோன விலங்குகளுக்கு (165 இனங்கள் பாதிப்பு), அடுத்தது மீன்பிடியில் தவறி மாட்டுவது (100 இனங்கள்), அதற்கடுத்தது காலநிலை மாற்றமும் கடும் வானிலையும் (96 இனங்கள்). பாடப் புத்தகத்தில் முதலில் வரும் பிளாஸ்டிக் இந்த மூன்றில் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஆச்சரியப்படுவார்கள்.

மீன்பிடிதான் பாதை அறிந்ததால் பலன் கிடைத்த துறை. ஆழ்கடலில் சூரை மீனுக்கு ஆயிரக்கணக்கான தூண்டில்களை ஒரே நீண்ட கயிற்றில் இரை குத்தி விடுவார்கள். இரை அமிழ்வதற்குள் அல்பட்ரோஸ் அதை விழுங்கித் தூண்டிலோடு மூழ்கிப்போகும். அல்பட்ரோஸ்களின் செய்மதிப் பாதைகளையும் படகுகள் வலம் வரும் கடலையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, எங்கே மோதல் என்று வரைபடத்தில் தெரிந்தது. இன்று இந்து சமுத்திரத்தில் தென் அகலாங்கு 25 பாகைக்குக் கீழே தூண்டில் கயிறு விடும் படகுகள், இரவில் விடுதல், பறவையை விரட்டும் நாடாக் கயிறு, கயிற்றுக்குப் பாரம் கட்டுதல் ஆகிய மூன்றில் இரண்டையாவது செய்ய வேண்டும், அல்லது தூண்டில் முனையை மூடிவைக்கும் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்று இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழுவின் விதி இருக்கிறது. நமீபியாவில் இந்த நாடாக் கயிற்றைச் சட்டமாக்கியபின் ஒரு மீன்பிடித் துறையில் பறவைச் சாவு 98 சதவீதம் குறைந்ததாக ஆய்வு காட்டியது. கயிறு பெரிய விலையுள்ள பொருளே இல்லை. யாரிடம் போய் அதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் பல காலம் தெரியாமல் இருந்தது.

நடுக்கடலில் விதி இருந்தால் போதுமா, யார் பார்ப்பது என்று நீங்கள் கேட்கலாம். இதற்குப் பறவையையே காவலாக்கிய ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. குரோசே, கெர்கெலென் முதலிய தீவுகளின் 169 அல்பட்ரோஸ்களின் முதுகில், கப்பல் ராடாரை உணரும் கருவியைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கட்டினார்கள். மீன்பிடிப் படகைக் கண்டால் அல்பட்ரோஸ் தானாகத் தேடிப் போகும். பறவைகள் சந்தித்த கப்பல்களில் கால் பங்குக்கு மேற்பட்டவை தங்கள் அடையாள சமிக்ஞையை அணைத்து வைத்திருந்தன என்று 2020-இல் வெளியிட்டார்கள். அடையாளத்தை மறைத்தவர்கள் எல்லாரும் திருட்டு மீன்பிடிக்காரர்கள் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது, ஆனால் எங்கே ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தது.

கடலின் ஒரு துண்டையே காப்பகமாக்கியதும் உண்டு. வட அத்திலாந்திக்கின் நடுவில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நீரில், வெவ்வேறு நாடுகளில் கூடு கட்டும் 21 இனப் பறவைகளின் பாதைகள் ஒரே இடத்தில் வந்து கூடுவது கருவிகளால் தெரியவந்தது. ஐம்பது இலட்சம் பறவைகள் வரை அங்கே வருகின்றன என்று மதிப்பிட்டு, 2021-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள்.  நம் சமுத்திரத்தில் இவ்வளவு தூரம் வரவில்லை. ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் யார் யாரைத் தடுப்பது என்ற கேள்விக்கு 2023-இல் ஐ.நா.வில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆழ்கடல் உடன்படிக்கை ஒரு வழி திறந்திருக்கிறது. அறிவித்த பகுதியில் உண்மையிலேயே மீன்பிடி குறைந்ததா என்று சில வருடம் கழித்துத்தான் பார்க்க வேண்டும், தாளில் மட்டும் இருக்கும் காப்பகங்களும் உலகில் நிறைய.

பாதை தெரிந்தும் சண்டை தீராத உதாரணம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மன்னாரில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த கட்டத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றத்துக்குப் போன சுற்றாடல்காரர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று, வலசைப் பறவைகளின் மத்திய ஆசியப் பாதையில் மன்னார் இருக்கிறது என்பது. மின்சாரம் வேண்டும், அதுவும் காற்று மின்சாரம் நல்லது என்பது என் கருத்து. எந்த மணலில் எந்த உயரத்தில் கோபுரம் என்பதை வலசைப் பாதையைப் பார்த்து முடிவுசெய்யலாமே. வரைபடம் இருந்தும் பார்க்காமல் கட்டுவதுதான் எனக்குப் பொறுக்காதது.

இனி மலையில் என்ன செய்யலாம். அடுத்த முறை இப்படி ஒரு பறவை விழுந்தால், கையில் துணியோ கையுறையோ போட்டு எடுங்கள். பறவைக் காய்ச்சல் கடல் பறவைகளில் உலகம் முழுக்கப் பரவியிருக்கும் காலம் இது, பிள்ளைகளை வெறும் கையால் தொடவிட வேண்டாம். காற்றோட்டமுள்ள பெட்டி, இருட்டு, அமைதி, இளஞ்சூடு, இவ்வளவே வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் பாணும் ஆலாவுக்கு உணவே இல்லை. பேசினில் மிதக்கவிடுவது நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் சூட்டி ஆலாவின் இறகு முழுதாக நீர் தாங்குவதில்லை, நனைந்தால் குளிரில் விறைத்துப்போகும். கடல் பறவைதான், ஆனால் தண்ணீரில் உட்காருவது அதற்கு அபூர்வம். காசல்ரீ குளத்தில் கொண்டுபோய் விடுவதும் வேண்டாம், அது தின்னும் மீன் அங்கே இல்லை. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, பறவை நிமிர்ந்து நின்று சிறகடிக்கும் நிலைக்கு வந்தால் கடற்கரையில் விடுவதற்கு ஏற்பாடு கேளுங்கள்.

காலில் வளையம் இருந்தால் அதை உயிருள்ள பறவையிலிருந்து கழற்றாதீர்கள். எல்லா எழுத்தும் இலக்கமும் தெரியும்படி சுற்றிச் சுற்றிப் படமெடுங்கள், கடைசி இலக்கம் ஒன்று தேய்ந்திருந்தாலும் மீதியை அனுப்புங்கள். முகவரி லண்டன் என்று இருந்தால் பறவை லண்டனிலிருந்து வந்தது என்று அர்த்தமில்லை, வளையத்தைக் கொடுத்த நிறுவனத்தின் முகவரி அது. இந்தியாவில் வளையமிட்ட பறவையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பெயர் இருக்கும். எங்கே அனுப்புவது என்று தெரியாவிட்டால் கொழும்புப் பல்கலைக்கழகத்திலுள்ள களப் பறவையியல் குழுவுக்கு எழுதினால் அவர்கள் உரிய இடத்துக்குச் சேர்ப்பார்கள். வளையமில்லாத பறவையையும் ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் படத்தோடு பதிவிடலாம்.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. ரியூனியன் தீவில் பாரோ பெட்ரல் என்று ஒரு கடல் பறவை, 2,500 மீற்றர் போன்ற உயரத்தில், நம் நுவரெலியாவுக்கும் மேலே, மலை முகட்டில் பொந்து போட்டுக் குஞ்சு பொரிக்கிறது. குஞ்சுகள் முதன்முதலாக இரவில் கடலை நோக்கிப் பறக்கும்போது ஊர் விளக்குகளில் மயங்கித் தெருவில் விழும். குஞ்சுகள் கிளம்பும் பருவத்தில் அங்கே ஊர் ஊராக விளக்கை அணைக்கிறார்கள், விழுந்தவற்றைப் பொறுக்கிக் கடற்கரையில் விடுகிறார்கள். நம் மலையில் கூடு கட்டும் கடல் பறவை இல்லை, ஆகவே தேயிலை ஸ்டோர் விளக்கை அணைத்தால் ஆலா பிழைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒக்டோபர், நவம்பரில் இந்தியாவிலிருந்து இரவில் வரும் ஆறுமணிக்குருவிகள் பனிமூட்டத்தில் வெளிச்சத்தைப் பார்த்து வந்து ஜன்னலில் மோதுவதை நீங்களே கண்டிருப்பீர்கள். அந்த இரண்டு மாதமும் வெளியில் எரியும் தேவையில்லாத விளக்கை அணைத்தால் அவற்றுக்கு நேரடியாக உதவும்.

கடைசியாக ஆறு. நோர்வூட்டில் ஓடும் கெசல்கமு ஓயா காசல்ரீ வழியாகக் களனியில் கலந்து கொழும்புக்கு வடக்கே கடலில் விழுகிறது. தலவாக்கலைப் பக்கத்துத் தண்ணீர் கொத்மலை வழியாக மகாவலியில் சேர்ந்து திருகோணமலைக்குப் போகிறது. ஓயாவில் எறியும் பொலித்தீன் எல்லாம் கடல் சேரும் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம், நடுவில் அணைக்கட்டுகள் நிறையவற்றைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு தப்பிப் போகிறது என்பதற்கு நம்பத்தக்க கணக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் அணைக்குள் தங்கினாலும் அது உங்கள் குடிதண்ணீரில்தான் தங்குகிறது, டீச்சர். எறியாமல் இருக்க அந்தக் காரணமே போதும், பறவையைச் சாட்சிக்கு இழுக்கத் தேவையில்லை.